லைன் வீட்டுப் பழக்கம்

திருப்பூரில் வட மாநிலத் தொழிலாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே விதமாகத்தான் பேசுகிறார்கள். "அவங்க இல்லாட்டி பனியன் கம்பெனி ஒருநாள் ஓடாதுங்க" என்பது ஒன்று. "ஊரே அவங்க கைக்குப் போயிருச்சு" என்பது இன்னொன்று. முதல் பேச்சில் அவர்கள் வேலைக்கு ஆள், இரண்டாவதில் வெறும் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரராக அவர்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நான் அதைத்தான் பேச நினைக்கிறேன்.

எங்கள் அப்பா, அம்மாவே தேனிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். எண்பதுகளில் ஏற்றுமதி சூடு பிடித்தபோது மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம் என்று தெற்கத்திச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அப்போதும் "வெளியூர்க்காரங்களுக்கு வீடு இல்லை" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனாலும் வந்தவர்கள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் உள்ளூர்க்காரர்களோடு கலந்து குடியிருந்தார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், சீட்டுப் போட்டார்கள், பிள்ளைகளை ஒரே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். யாரும் நல்லிணக்கக் கூட்டம் நடத்தவில்லை, பத்து இருபது வருஷத்தில் சம்பந்தமே பண்ணிக்கொண்டார்கள்.

இன்றைக்கு ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, வங்காளம், அசாமிலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. கம்பெனி விடுதியில் இருப்பார்கள், கம்பெனி வண்டியில் வேலைக்குப் போவார்கள், ஒன்றரை ஷிப்டு முடித்துவிட்டு அதே வண்டியில் விடுதிக்குத் திரும்புவார்கள். தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்தில் தையல் கற்றுக்கொண்டு ஒடிசாவிலிருந்து வருகிற இளம்பெண்கள் பலரின் நிலைமை இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காதர்பேட்டைப் பக்கம் கூட்டமாகப் போகிறபோது மட்டும் ஊர் அவர்களைப் பார்க்கிறது. கூட்டமாகவே பார்த்தால் கூட்டமாகத்தானே தெரியும்? சுவருக்கு உள்ளே வைத்துவிட்டு "அவங்க நம்ம கூட ஒட்ட மாட்டேங்கறாங்க" என்று சொல்வதில் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அம்மா இருக்கிற லைனில் ஜார்க்கண்ட் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது. கணவர் ஓவர்லாக் டெய்லர், மனைவி டெய்லருக்குக் கை உதவியான கைமடி வேலைக்குப் போகிறாள், ஒரு மகள். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாத ஏரியா அது. வந்துவிட்டால் அம்மா முதலில் அந்தக் கதவைத்தான் தட்டும், "ஏ தாயி, தண்ணி வந்துருச்சு, குடத்தை எடு." அந்தப் பெண்ணுக்கு ஆரம்பத்தில் புரிந்தது "தண்ணி" மட்டும்தான், அதுவே போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமானபிறகு எங்கள் வீட்டுக் குடத்தையும் அவள்தான் நிரப்பி வைக்கிறாள். அம்மா அவளுக்கு ரசப்பொடி அரைத்துக் கொடுத்திருக்கிறது, அவள் அம்மாவுக்குக் கடுகு எண்ணெய் போட்டுக் கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து கொடுத்தாள். அம்மாவுக்குக் கடுகு எண்ணெய் வாசம் ஒத்துக்கொள்ளவில்லை, கத்தரிக்காய் பிடித்துப்போனது. அப்புறம் நல்லெண்ணெய் ஊற்றிச் செய்து பார்த்து இரண்டு பேருமே சாப்பிட்டார்கள்.

தெருமுனை மளிகைக் கடையில் இன்னொரு மாற்றம். நமக்கெல்லாம் பொரி என்றால் ஆயுத பூஜை, கார்த்திகை, அவ்வளவுதான். அவர்களுக்கு அது தினசரிச் சாப்பாடு மாதிரி, வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டுக் கடுகு எண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். கடைக்காரர் இப்போது வருஷம் முழுக்கப் பொரி மூட்டை வைத்திருக்கிறார், யார் எந்த ஊர், எப்போது தன்பாத் ரயில் ஏறுகிறார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பாக்கியைத் தீர்க்கிற கணக்கு நோட்டில் தமிழ்ப் பெயரும் ஒடியாப் பெயரும் அடுத்தடுத்துதான் இருக்கின்றன.

இந்தப் பழக்கமெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2023 மார்ச் மாதத்தை ஞாபகப்படுத்துகிறேன். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. எங்கேயோ நடந்த சண்டைகளை எடுத்து இங்கே நடந்ததாகப் போட்டார்கள். காவல்துறை மறுப்பு வெளியிட்டது, உதவி எண்கள் அறிவித்தார்கள், பீகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஹோலி நேரம் வேறு, ஸ்டேஷனில் ஊருக்குப் போகிற கூட்டத்தில் பண்டிகைக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று பிரிக்க முடியவில்லை. அந்த வாரம் ஜார்க்கண்ட்டிலிருந்து அந்தப் பெண்ணின் மாமியார் போனில் அழுதபோது, அவள் போனை எங்கள் அம்மா கையில் கொடுத்தாள். அம்மாவுக்கு இந்தி தெரியாது. "ஒண்ணும் இல்ல தாயி, நாங்க இருக்கோம்" என்று தமிழிலேயே சொன்னது. அவர்கள் ஊருக்குப் போகவில்லை.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து வெளிமாநில ரேஷன் அட்டைக்கும் இங்கே அரிசி, கோதுமை வாங்கலாம். ஆனால் அதை அவர்களிடம் சொல்வதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். கேரளத்தில் 2017இல் எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்று ஒரு திட்டம் தொடங்கி, வந்தவர்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது, அதற்கென்றே பாடப்புத்தகமும் போட்டது. கம்பெனி விடுதிகளில் வாரம் ஒருநாள் தமிழ் வகுப்பு நடத்த நம் ஏற்றுமதியாளர்களுக்கு என்ன தடை? உள்ளூர்ப் பெண்கள் போய்ச் சொல்லிக்கொடுக்கட்டும், விடுதிப் பெண்களும் வெளியே நாலு வீட்டுக்கு வந்து போகட்டும்.

அந்தக் குடும்பத்து மகள் மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காலை உணவுக்குக் கிச்சடியா உப்புமாவா என்று வந்து சொல்வதிலிருந்து எல்லாமே கொங்குத் தமிழ்தான், பெரியவர்கள் எல்லோருக்கும் "ங்க" போட்டுப் பேசுகிறாள். பேங்க்குக்கும் ரேஷன் கடைக்கும் அவள்தான் அப்பா, அம்மாவுக்கு வாய். ஒரு குழந்தை தலையில் இவ்வளவு பாரம் ஏற்றக் கூடாது, பெரியவர்கள் நாம் கூடப் போக வேண்டும், அரைமணி நேர வேலைதான்.

லைன் வீடு வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். "டூ லெட்" போர்டு மாட்டியிருக்கும்போது வட மாநிலக் குடும்பம் வந்து கேட்டால் உள்ளே கூப்பிட்டு வீட்டைக் காட்டுங்கள். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்களிடம் வாங்குகிற அதே அட்வான்ஸ், அதே வாடகை. பத்துப் பையன்களை ஓர் அறையில் அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதை விட்டுவிட்டு, குடும்பங்களுக்குக் கொடுங்கள், அதுவும் எல்லா வீட்டையும் அவர்களுக்கே என்றில்லாமல் நம்மவர்களோடு கலந்து கொடுங்கள்.