ஆள் இருக்கும் ஊரின் சட்டம்

கிண்டி தொழிற்பேட்டையில் நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு கணக்கியல் மென்பொருள் நிறுவனத்தில் பணியாளர் நிர்வாகம் என் பொறுப்பு. வெளிநாட்டில் ஆள் வைத்துக்கொள்வது பெரிய நிறுவனங்களின் கவலை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு அது வேறு வழியாக வந்து சேர்கிறது. ஐந்தாண்டுகள் எங்களிடம் பணியாற்றிய பெண், ஜெர்மனியின் மியூனிக்கில் வேலை கிடைத்த கணவருடன் புறப்படுகிறார். வேலையில் கெட்டிக்காரர், விட மனம் வரவில்லை. அங்கிருந்தே பாருங்கள் என்று சொல்லிவிடுகிறோம். மடிக்கணினி, மின்னஞ்சல் முகவரி, செய்கிற வேலை எதுவும் மாறவில்லை, ஊர் மட்டுந்தானே மாறியிருக்கிறது என்று அன்று அலுவலகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டோம். தொழிலாளர் சட்டம் முதலில் பார்ப்பது அந்த ஊரைத்தான் என்பது பிறகே புரிந்தது.

எங்கள் பணி நியமன ஆணையின் கடைசிப் பத்தியில், எந்தத் தகராறும் சென்னை நீதிமன்றங்களின் வரம்புக்கு உட்பட்டது என்று ஒரு வாசகம் உண்டு. அது போதும் என்று நிர்வாக இயக்குநர் நம்பினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோம் 1 ஒழுங்குமுறையின் 8ஆம் பிரிவோ, ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும், ஒருவர் வழக்கமாக வேலை செய்யும் நாட்டின் சட்டம் அவருக்குத் தரும் கட்டாயப் பாதுகாப்புகளை அந்தத் தேர்வால் பறிக்க முடியாது என்கிறது.

அடுத்ததாக வந்த யோசனை, அவரை ‘ஆலோசகர்’ ஆக்கிவிடலாம் என்பது. மாதம் ஒரு பில் அனுப்புவார், நாம் பணம் அனுப்புவோம், பதிவு கிடையாது, பிடித்தம் கிடையாது. இதை நான் கடுமையாக எதிர்த்தேன். ஏனெனில் அந்தப் பெயரில் ஆறு ஆண்டுகள் நானே வேலை பார்த்திருக்கிறேன். மேற்கு மாம்பலத்தில் என் வீட்டு அறையில் அமர்ந்து, ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக, அவர்கள் குறித்த நேரத்தில், அவர்கள் தந்த கணினியில், அவர்களுடைய மேலாளரிடம் விடுப்புக் கேட்டு உழைத்தேன்; ஆனால் காகிதத்தில் நான் பணியாளர் அல்ல. ஒவ்வொரு மாதமும் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தார்கள். பி.எஃப். இல்லை. ஐந்தாண்டு முடித்தால் கிடைக்க வேண்டிய பணிக்கொடையும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்த இரண்டு வரி மின்னஞ்சலோடு எல்லாம் முடிந்தது. அந்த வலியை இன்னொரு பெண்ணுக்கு என் கையால் எழுதித் தர எனக்குத் துணிவில்லை.

சட்டமும் இந்தப் பெயர் மாற்றத்தை நம்புவதில்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் வழக்கில், ஒப்பந்தத்தின் சொற்களை அல்ல, நடப்பில் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதையே பார்த்து, ஓட்டுநர்கள் சட்டப்படி தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் இதைப் போலிச் சுயதொழில் என்கிறார்கள். அது வெளிப்பட்டால் பழைய ஆண்டுகளின் சமூகப் பாதுகாப்புத் தொகையை வேலை தந்தவர்தான் கட்ட வேண்டும். பணியாளர் பங்கைக்கூடப் பொதுவாக அடுத்த மூன்று சம்பளங்களில் மட்டுமே பிடித்துக்கொள்ள முடியும், அதற்கு முந்தைய பாக்கி நம் தலையில்தான் விழும்.

ஜெர்மனியிலேயே உள்ள நிறுவனம் ஒன்றின் பெயரில் அவரை அமர்த்தி, அதற்குக் கட்டணம் செலுத்தும் வழியையும் பார்த்தோம். ஆனால் ஜெர்மனியில் அந்த ஏற்பாடு பொதுவாக ஆள் அனுப்பும் தொழிலாகக் கருதப்படுகிறது. அதற்கு உரிமம் வேண்டும், ஒரே இடத்தில் 18 மாதம் என்ற வரம்பும் உண்டு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்பு உடன்பாடு நிறுவனம் அனுப்பி வைப்பவர்களுக்கு உதவும். இவர் தம் குடும்பத்துக்காகப் போனவர். ஆகவே நேர்வழியிலேயே போனோம். கணவரின் புளூ கார்டு என்ற வேலை அனுமதி வழியாக இவருக்கும் வேலை செய்யும் அனுமதி இருந்தது. அங்கே வேலை தருபவருக்கான எண்ணை வாங்கி, மருத்துவக் காப்பீட்டு நிதியத்தில் பதிவு செய்து, ஓய்வூதியத்துக்கான 18.6 சதவீதத்தில் பாதியை நாங்கள் ஏற்று, அங்குள்ள சம்பளக் கணக்கு அலுவலகம் ஒன்றிடம் மாதாந்தரப் பணியை ஒப்படைத்தோம். அவர் வேலை செய்யும் இடத்தையே எங்கள் நிரந்தர அலுவலகம் என்று கருதி அந்நாட்டு வரித்துறை எங்கள் லாபத்துக்கும் வரி கேட்குமோ என்ற அச்சம் எங்கள் மயிலாப்பூர் ஆடிட்டரைச் சில வாரங்கள் தூங்கவிடவில்லை.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர் கவனித்து வந்த பெரிய வாடிக்கையாளர் விலகிப் போனார். வேலையை முடித்துக்கொள்ளும்படி மின்னஞ்சல் அனுப்பு, ஒரு மாத நோட்டீஸ் போதும் என்றார் இயக்குநர். நான் அனுப்பவில்லை, மியூனிக் வழக்கறிஞரிடம் கேட்டேன். பணிநீக்கம் கையெழுத்திட்ட காகிதமாகப் பணியாளர் கைக்குச் சேர வேண்டும், மின்னஞ்சலும் ஸ்கேனும் செல்லாது என்று ஜெர்மன் சிவில் சட்டத்தின் 623ஆம் பிரிவு சொல்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கான பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம், அங்கே ஒருவரை மட்டும் வைத்திருக்கும் எங்களுக்குப் பொருந்தாது என்றாலும், இந்த எழுத்து விதிக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை. நான் கையெழுத்திட்டு, அசல் அதிகாரக் கடிதத்தை இணைக்காவிட்டால் அவர் உடனே நிராகரிக்கலாம் என்பதால் இயக்குநரே பேனாவை எடுத்தார். சென்னையில் கழிந்த ஐந்தாண்டையும் சேர்த்து எண்ணுவதே பாதுகாப்பு என்று வழக்கறிஞர் சொன்னதால், நோட்டீஸ் மாத இறுதியில் முடியும் இரண்டு மாதமாயிற்று.

கடிதம் கூரியரில் போகும் முன் அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “மேடம், கடிதம் முறையா வந்துட்டா நான் இங்கே வேலையின்மை உதவித்தொகைக்கு எழுதிப் போட்டுடுவேன், அது கிடைக்கும்” என்றார். கடைசி 30 மாதங்களில் 12 மாதம் தொகை கட்டியிருப்பவருக்கு அது உண்டு. ஆலோசகராக வைத்திருந்தால் அவர் கணக்கில் ஒரு மாதம்கூட இருந்திருக்காது. போனை வைத்த பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் ஒரு தமிழ் இளைஞரை வாடிக்கையாளர் சேவைக்கு எடுக்கப் போகிறோம். எங்கள் பழைய ஆணையில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருக்கிறது; அங்கே 2023 ஜனவரி 1 முதல் 45. அதே திருத்தம் மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 ஆக்கி, தந்தையருக்கும் ஏழு நாள் தந்தது. 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு வேலை தருபவரின் சேமநிதிப் பங்கு 13 சதவீதம், நம் ஊரைப் போல் 12 அல்ல. அடுத்த திங்கட்கிழமை அவர் சேர வேண்டும் என்று இயக்குநர் அவசரப்படுகிறார். கோலாலம்பூர் வழக்கறிஞர் ஆணையைப் பார்த்துத் திருப்பி அனுப்பும்வரை நாள் குறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.