மூன்று பயிற்சியாளர்கள், ஒரே மரபு

லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின், அதாவது யு.சி.எல்.ஏ.வின், மகளிர் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, சிறிய மைதானத்தில் ஆடப்படும் ஆட்டம்) அணி 1975இல் ஆடத் தொடங்கியது. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டம் இத்தகைய அணிகளுக்கு வழி திறந்திருந்த காலம் அது. அதன் வரலாற்றில் என்னைக் கவர்வது கோப்பைகளைவிடப் பயிற்சியாளர் பொறுப்பு கைமாறி வந்த விதமே.

முதல் பயிற்சியாளர் ஷாரன் பேக்கஸ். அவரிடம் தொடக்க ஆண்டிலிருந்தே ஆடிய சூ என்க்விஸ்ட் 1978இல் அணியுடன் தேசியப் பட்டம் வென்றார்; பின்னர் பேக்கஸுடன் இணைந்து பயிற்சியளித்து, 2006 வரை தலைமைப் பொறுப்பில் நீடித்தார். இவ்விருவரிடமும் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவராக, ஆடிய கெல்லி இனூயே-பெரெஸ் 2007இல் அப்பொறுப்பை ஏற்றார். ஆட்டம் முழுவதும் பந்தெறிபவரையும் மைதானத்தையும் எதிரே பார்த்தபடி குந்தியிருக்கும் கேட்சர் பயிற்சியாளராவது பொருத்தமென்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1982இல் ஒமாஹாவில் நடத்திய தன் முதல் மகளிர் கல்லூரி உலகத் தொடரை, அதாவது தேசியப் பட்டத்துக்கான தொடரை, யு.சி.எல்.ஏ.வே வென்றது. 1988 முதல் 1990 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம் அதனிடமே இருந்தது. 1995இல் வென்ற பட்டமோ, உதவித்தொகை விதிகளை மீறியதற்காகப் பின்னர் பறிக்கப்பட்டது. ஆகவேதான் என்.சி.ஏ.ஏ. தொடரை 13 முறை வென்ற அணியின் கணக்கில் 12 என்.சி.ஏ.ஏ. பட்டங்களே உள்ளன. ரசிகர்கள் இன்னும் 13 என்று எண்ணினாலும், விதிமீறலுக்குத் தண்டனை நியாயம் என்பதே என் எண்ணம்.

1993இல் அணியின் லிசா ஃபெர்னாண்டஸ் பந்தெறிதலில் 0.25 என்ற சராசரியும் (விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் கணக்கு; குறைவாக இருப்பதே சிறப்பு) மட்டையடியில் .510 என்ற சராசரியும் (பாதிக்கும் மேற்பட்ட முறை வெற்றிகரமாக அடித்ததன் கணக்கு) பெற்று, இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். அப்படியிருந்தும் அவ்வாண்டின் இறுதி ஆட்டத்தில் அரிசோனாவிடம் 1-0 என்று அணி தோற்றது.

2019 அரையிறுதியின் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாஷிங்டன் அணிக்கு எதிராக ஏழு இன்னிங்ஸில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம், யாரும் ஓட்டம் எடுக்காததால் பத்துக்கு நீண்டது. யு.சி.எல்.ஏ.வின் ரேச்சல் கார்சியா தனியாளாக 179 பந்துகள் வீசி, 16 முறை ஸ்டிரைக் அவுட் செய்திருந்தார், அதாவது மட்டையாளரைப் பந்தெறிந்தே ஆட்டமிழக்கச் செய்திருந்தார். பத்தாவது இன்னிங்ஸில் மட்டையுடன் வந்தவரும் அவரே. இரண்டு வீராங்கனைகள் தளங்களில் காத்திருக்க, அவர் அடித்த பந்து வேலியைத் தாண்டிச் சென்றது. மூவருக்கும் ஓட்டம்; 3-0. அடுத்து இறுதிச் சுற்றில் ஓக்லஹோமாவை 16-3, 5-4 என்று இரண்டே ஆட்டங்களில் வீழ்த்தி அணி பட்டம் வென்றது. அன்று உதவிப் பயிற்சியாளராக அணியுடன் நின்றவர்களில் ஒருவர் லிசா ஃபெர்னாண்டஸ்.