மீனுக்குள் ஐந்து எழுத்து

சிக்னலில் முன்னால் நின்ற காரின் டிக்கியில் ஒரு மீன் ஸ்டிக்கர். இரண்டே வளைவு, வால் பக்கம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

பெயர் 'இக்தூஸ்'. கிரேக்கத்தில் வெறும் மீன்தான்.

அதன் ஐந்து கிரேக்க எழுத்தும் ஐந்து சொற்களின் முதலெழுத்து. விரித்தால்: இயேசூஸ், கிறிஸ்தோஸ், தெயூ, ஹுயோஸ், சோத்தேர். இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்.

நாலாவதில்தான் குழப்பம். 'ஹ' எங்கே போச்சு? கிரேக்கத்தில் அந்த மூச்சொலிக்குத் தனி எழுத்தில்லை. சொல் உப்சிலான் என்ற எழுத்தில்தான் தொடங்கும். மூன்றாவதான தீட்டாவும் ஒற்றை எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் 'th' என இரண்டாகிவிடும், கணக்கு உதைக்கும்.

ரோமில் லிசினியா அமியாஸ் என்ற பெண்ணின் கல்லறைக் கல், 3ஆம் நூற்றாண்டு. நடுவில் நங்கூரம், இருபுறமும் மீன். மேலே கிரேக்கத்தில் 'உயிருள்ளோரின் மீன்'.

அதில் 'இக்தூஸ்' சொல்லின் கடைசி எழுத்தான சிக்மா, பிறை மாதிரி வளைந்திருக்கும்.