ஒன்றுமில்லை சார், விடுங்க

பாடத்திட்டம் எத்தனை முறை மாறினாலும் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ மட்டும் எப்படியோ தப்பித்து உள்ளே வந்துவிடும். மூன்றாம் ஆண்டு ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு அந்த நாடகத்தைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். அதில் ஒரு வருடத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன், சரி, எழுதிவிடுவோம்.

நாடகத்தில் உயிரான இடம் மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. அந்தக் காட்சி தொடங்கும்போது தளபதி ஒத்தெல்லோ மனைவி டெஸ்டிமோனா மேல் உயிரையே வைத்திருக்கிறான், முடியும்போது அவளைக் கொல்லத் தயாராக இருக்கிறான். நடுவில் அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் இயாகோ செய்ததெல்லாம் பேசியது மட்டும்தான். அந்தப் பேச்சிலும் முதல் பகுதியில் சொல்லும்படியான பொய் எதுவும் கிடையாது என்பதைப் பசங்களுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு முழு வகுப்பு ஆகும். டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு, ஒத்தெல்லோவின் துணைத் தளபதியாக இருந்த காசியோ போவதைப் பார்த்து, "ம், இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று தனக்குத்தானே சொல்வதுபோல முனகுகிறான் இயாகோ. என்ன சொன்னாய் என்று ஒத்தெல்லோ கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். போனது காசியோதானே என்று கேட்டால், "காசியோவா? சேச்சே, உங்களைப் பார்த்ததும் திருடன் மாதிரி நழுவிப்போக அவருக்கு என்ன வந்தது?" என்கிறான். குற்றச்சாட்டு முழுக்க அந்த மறுப்புக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் ஒத்தெல்லோ எதைக் கேட்டாலும் "அப்படியா?" என்று திருப்பிக் கேட்கிறான், "நேர்மையா?" என்றால் "நேர்மையா பிரபு?" என்கிறான். இவன் ஏதோ பெரிய விஷயத்தை மறைக்கிறான் என்று ஒத்தெல்லோ தானாகவே முடிவு கட்டி, சொல் சொல் என்று கெஞ்ச ஆரம்பித்துவிடுகிறான்.

இதையெல்லாம் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி வகுப்பில், குரல் மாற்றி நடித்துக் காட்டி நடத்தினேன். பதினொன்றரைக்கு ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது அதே காட்சி எனக்கே நடந்தது. எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் எங்கள் துறையின் இன்டர்னல் தேர்வுக் கேள்வித்தாள் முந்தின நாள் ராத்திரியே பசங்களுடைய வாட்ஸப்பில் வந்துவிட்டது. நான்தான் துறைத் தலைவர். முதல்வர் கூப்பிட்டு ஒரு மாதிரி பார்த்துவிட்டு விளக்கம் கேட்டார். டீ நேரத்தில் மூத்த சக ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்: லீவு போடாதவர், கொடிநாள் வசூலில் ஒரு ரூபாய் குறையாமல் கணக்குக் காட்டுபவர், கல்லூரியில் எந்தப் பஞ்சாயத்து என்றாலும் "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார்கள். அவர் டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்: "யாரைச் சொல்லி என்ன ஆகப்போவுது சார், விடுங்க."

"என்ன சார், ஏதாவது தெரியுமா?"

"ஒன்றுமில்லை. நேத்து சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும், ஜெராக்ஸ் கடைல நம்ம தம்பி நின்ன மாதிரி இருந்துச்சு. அவன் அப்படிப்பட்ட பையன் இல்லை. நான் கூட வேற யாரையாவது பார்த்திருப்பேன். விடுங்க சார்."

தம்பி என்றால் சுயநிதிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் ஆசிரியர். அங்கே வேலை வருடா வருடம் மே மாதம் புதுப்பித்தால்தான் உண்டு.

அவர் சொன்னதில் பொய் இல்லை. தம்பி ஜெராக்ஸ் கடையில் நின்றது நிஜம், வேறு ஒரு கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கத் தன் சான்றிதழ்களை நகல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். இது எனக்கு ரொம்பப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கே தெரிந்துகொள்ள எனக்கு ஆகியிருக்கக் கூடிய செலவு, எழுந்து பத்து அடி நடந்து போய், "என்ன தம்பி, நேத்து கடைப் பக்கம் வந்திருந்தீங்களாமே" என்று கேட்பது. நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். பசங்கள் தேர்வில் எழுதும்போது இயாகோ விஷம் ஊற்றினான், ஒத்தெல்லோ குடித்தான் என்று எழுதுவார்கள், கூடவே ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இயாகோவைப் பற்றிச் சொன்ன 'மோட்டிவ்லெஸ் மாலிக்னிட்டி'யைக் கைடிலிருந்து எழுத்துப் பிசகாமல் இறக்கிவிடுவார்கள், நானும் மார்க் போட்டுவிடுவேன். ஆனால் காரணமே இல்லாத கெடுதல் என்று அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. ஐந்தாம் அங்கத்தில் காசியோவைப் பற்றி இயாகோ தனியாக ஒரு வரி சொல்கிறான்: அவன் வாழ்க்கையில் தினம் தினம் ஒரு அழகு இருக்கிறது, அது என்னை அசிங்கமாக்கிக் காட்டுகிறது. பதவி கிடைக்கவில்லை, மனைவி மேல் சந்தேகம் என்று முன்னால் அவன் அடுக்கிய காரணங்களையெல்லாம் விட இந்த ஒரு வரியை நான் நம்புகிறேன். வேலை பார்க்கிற இடத்துப் பொறாமை இப்படித்தான் இருக்கும். அவன் நமக்கு எதையும் செய்திருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் நன்றாக இருந்தாலே போதும்.

தம்பி நன்றாக இருந்தார். மத்தியான வேளையில் போர்டிகோ படிக்கட்டில் பசங்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு வேடம் கொடுத்து நாடகத்தை வாசிக்க வைப்பார். பாடவேளையில் என் வகுப்பில் தூங்குகிற பையன் அங்கே, இயாகோ ஏமாற்றிப் பணம் பறிக்கும் ரொடெரிகோவாகக் கத்திக்கொண்டிருப்பான். "பணத்தைப் பையில் போடு" என்று இயாகோ திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில் மொத்தப் படிக்கட்டும் சேர்ந்து கத்தும், என் அறை ஜன்னலில் கேட்கும். ஒருநாள் ஒரு மாணவி வெகு சாதாரணமாக, "சார், உங்க வகுப்புல புரியாததெல்லாம் அங்க புரிஞ்சுடுது" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள், அவள் முகத்தில் வேறு எதுவும் இல்லை. நான் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போன பிறகும் அது உள்ளே உருண்டுகொண்டே இருந்தது.

ஆகவே சக ஆசிரியர் கொண்டுவந்தது தீக்குச்சி மட்டும்தான், வைக்கோல் என்னிடமே காய்ந்து கிடந்தது.

மே மாதம் முதல்வர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டார். தம்பி பெயர் வந்தது. "பையன் கெட்டிக்காரன்தான் சார்..." என்று சொல்லி நிறுத்தினேன். அவ்வளவுதான். அந்த 'தான்' போதுமானதாக இருந்தது. முதல்வர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, ஏதாவது பிரச்சினையா?" என்றார். "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை சார்" என்றேன். பென்சிலால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. நான் ஒத்தெல்லோவாக ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்வது ஒருவகையில் சௌகரியம், அதனால்தான் இந்த அறைக்குள் நடந்ததைச் சேர்த்துச் சொல்கிறேன்.

பெயரைப் பற்றி இயாகோ இரண்டு பேச்சு பேசுகிறான். குடித்துச் சண்டை போட்டுப் பதவி இழந்த காசியோ, என் பெயர் போச்சே, பெயர் போச்சே என்று அழும்போது, பெயர் என்பது சும்மா ஒரு போலி, தகுதியில்லாமல் வரும், தப்பு செய்யாமலே போகும் என்கிறான். அடுத்த அங்கத்தில் ஒத்தெல்லோவிடம், என் பணப்பையைத் திருடுகிறவன் குப்பையைத் திருடுகிறான், என் நல்ல பெயரைத் திருடுகிறவனோ அவனும் பணக்காரனாகாமல் என்னையும் பரம ஏழையாக்கிவிடுகிறான் என்கிறான். இந்த முரணைக் காட்டினால் வகுப்பு சிரிக்கும். தம்பி போன பிறகு அந்த இடத்தை நடத்தும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகுதியில்லாமல் வரும் என்ற வரியில் கொஞ்சம் தொண்டை அடைத்தது. ஊரில் எனக்கும் நல்ல பெயர்தான். இயாகோவை 'நேர்மையானவன்' என்று நாடகம் முழுக்க எல்லோரும் சொல்கிறார்கள், நேர்மை என்ற சொல் மட்டும் ஐம்பது தடவைக்கு மேல் வருகிறது.

கைக்குட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஒத்தெல்லோ மனைவிக்குக் கொடுத்த கைக்குட்டை காசியோவிடம் இருப்பதைத்தான் இயாகோ சாட்சியாகக் காட்டுகிறான். 1693இல் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர், ஒரு கைக்குட்டைக்காகவா இவ்வளவு ரகளை, இதன் நீதி மனைவிமார் துணிமணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதானா என்று கிண்டலடித்தார். ஒருமுறை இதை நான் சொன்னதும் பின்பெஞ்சில் ஒருவன், "அப்ப சிலம்புக்காக மதுரை எரியலையா சார்?" என்றான். கேட்டது சரிதான். அங்கேயும் ஒரு பொருள்தான் சாட்சி, சொன்ன பொற்கொல்லன் அரசனுக்கு வேண்டியவன், திருடியதும் அவனே, அரசன் விசாரிக்கவில்லை. 'யானோ அரசன் யானே கள்வன்' என்று விழுந்த பாண்டியனுக்கும் கடைசியில் தன்னைத்தானே குத்திக்கொண்ட ஒத்தெல்லோவுக்கும் நடுவில் ஒரு சிலம்பு தூரம்தான். அந்தப் பையனுக்கு அன்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது சிந்தியோ என்ற இத்தாலியரின் 1565ஆம் வருடத் தொகுப்பிலிருந்து. அதில் கெட்டவன் தன் மூன்று வயதுக் குழந்தையை டெஸ்டிமோனாவிடம் கொடுத்து, அவள் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவுகிறான். ஷேக்ஸ்பியர் அதை மாற்றிவிட்டார். தலைவலி என்று சொல்லும் ஒத்தெல்லோவின் நெற்றியில் அவள் கட்ட வருகிறாள், உன் கைக்குட்டை சின்னது என்று அவன் தள்ளிவிடுகிறான், அது விழுகிறது, விடு என்கிறான். பிறகு எங்கே அந்தக் கைக்குட்டை என்று அலறப்போகிறவனே அதைக் கீழே தள்ளியவன். பக்கத்தில் நின்ற இயாகோவின் மனைவி எமிலியா அதை எடுத்துப் புருஷனிடம் கொடுத்துவிடுகிறாள். எங்கே போட்டேன் என்று டெஸ்டிமோனா தேடும்போது தெரியாது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். அவள் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

மறு வருடம் எங்கள் துறை அட்டெண்டர் அம்மா ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் வடையும் கேசரியும் கொடுத்து முடித்து, சால்வையை மடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார்: "அன்னைக்கு ஜெராக்ஸ் மிஷின்ல நீங்க ஒரு தாளை மறந்துட்டுப் போனீங்கல்ல சார், கேள்வித்தாளு. அசைன்மென்ட் வைக்க வந்த பையன் அதை போன்ல படம் புடிச்சான். நான்தான் அப்புறம் எடுத்துக் கிழிச்சுப் போட்டேன்."

முதல் பிரதியில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. திருத்தி மறுபடி எடுத்தேன். பழைய தாள் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

"ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

அன்று சாயங்காலம் தம்பிக்கு போன் செய்தேன். ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் எடுப்பதாகச் சொன்னார். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. சொல்ல வந்ததைச் சொன்னேன், அதற்குள் மூன்று தடவை தடுமாறினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஒன்றுமில்லை சார், விடுங்க" என்றார்.

காசியோவுக்காவது கடைசியில் சைப்ரஸ் தீவின் ஆட்சி கிடைத்தது.