ஆக்டாவும் எங்கள் கோத்தகிரியும்

திருட்டு நகலைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் அதற்கென்று பல நாடுகள் சேர்ந்து உருவாக்கிய, இணையத்தையும் தொடும் ஆக்டா (ACTA) என்ற வணிக ஒப்பந்தத்தை மக்களுக்குக் காட்டாமல் ரகசியமாகப் பேசி முடித்த விதம் எனக்கு இன்றும் ஆத்திரம் தருகிறது. 2011 அக்டோபரில் டோக்கியோவில் எட்டு நாடுகள் கையெழுத்துப் போட்டன. அடுத்த ஜனவரியில் இதை எதிர்த்துப் போலந்து இளைஞர்கள் கடுங்குளிரில் தெருவுக்கு வந்தார்கள். 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை 478க்கு 39 என்று நிராகரித்தது. இணையத்தில் பேசி என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் திரைப்படத் தரப்பு திருட்டு நகலுக்கு எதிராக வாங்கிய தடையாணையைக் காட்டி, இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் விமியோ என்ற காணொளித் தளம் போன்றவற்றையே முழுசாக முடக்கின. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின மாதிரி! குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

இங்கே ஹட்டிகளில், அதாவது படகர் ஊர்களில், பிள்ளைகள் படக மொழிப் பாட்டுகளைத் தாங்களே படம்பிடித்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். அவர்களுக்கு வேறு மேடை ஏது? யாரோ ஒருவர் படத்தைக் காப்பாற்றப் போய் இவர்கள் பாட்டும் சேர்ந்து மறைவது அநியாயம். அடுத்து இப்படி ஓர் ஒப்பந்தம் வந்தால், வரைவை முதலில் எங்கள் கண்ணில் காட்டுங்கள்.