வைரஸ படிக்க வந்தா செல்லத்தான் படிக்க வேண்டியிருக்கு

எச்ஐவி லேப்ல வேலைன்னு சொன்னா சொந்தக்காரங்க மொதல்ல கேக்குறது பயமா இல்லையான்னுதான். எங்க பிராஜெக்ட்ல முழு வைரஸே கிடையாதுங்க, அதோட காக்ங்கிற ஒரு புரோட்டீன் மட்டும்தான். அந்த ஜீன மட்டும் செல்லுக்குள்ள விட்டா, ரெண்டாயிரத்துக்கும் மேல காக் மூலக்கூறுங்க செல் சவ்வோட உள்பக்கம் ஒண்ணா சேந்து வைரஸ் மாதிரியே ஒரு உருண்டையா வெளிய வரும், உள்ள வைரஸ் ஜீனோம் இல்லாததால யாருக்கும் தொத்தாது.

வெளிய வரும்னு சொல்றேன்ல, அந்த கடைசி கட்டம்தான் என் வேலையே. காக்கால சவ்வ உருண்டையா வளைக்க முடியும், ஆனா அறுத்துக்கிட்டு வர முடியாது. அறுக்குறது நம்ம செல்லோட எஸ்கார்ட் புரோட்டீன்கள், செல் ரெண்டா பிரியும்போது கடைசி இழைய வெட்டுறதும் இதே கூட்டம்தான். காக்கோட வால்ல பி-டி-ஏ-பின்னு நாலு அமினோ அமிலம் வரும், அது டிஎஸ்ஜி101ங்கிற செல் புரோட்டீன புடிச்சுக்கும், அது பின்னாடியே மத்ததெல்லாம் வரிசையா வந்து சேரும். 2001லயே இத காட்டிட்டாங்க.

நாங்க டிஎஸ்ஜி101அ எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீன்லருந்து புரோட்டீன் உருவாகாம தடுக்குற சின்ன ஆர்என்ஏ துண்டு) போட்டு கொறச்சிட்டு, செல் மேல நிக்கிற மீடியாவ, அதாவது செல் வளர்ற திரவத்த எடுத்து சுக்ரோஸ் கரைசல் மேல ஊத்தி அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ்ல அதிவேகமா சுத்துவோம். வெளிய வந்த உருண்டைங்க அடியில பெல்லெட்டா படியும், அது கண்ணுக்கே தெரியாது, எங்க இருக்கும்னு டியூப் வெளிப்பக்கம் மார்க்கர்ல முன்னாடியே புள்ளி வச்சிருப்போம், அந்த எடத்துல பஃபர் விட்டு கரைக்கணும். புரோட்டீன் எவ்ளோ இருக்குன்னு பட்டையா காட்டுற பிளாட்ல பாத்தா செல்லுக்குள்ள காக் பேண்டு எப்பவும் போல கருப்பா நிக்கும், பெல்லெட் லேன்ல மட்டும் ரொம்ப மங்கிடும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல அதோட காரணம் தெரியும், உருண்டையெல்லாம் பலா மரத்துல காய் தொங்குற மாதிரி காம்போட சவ்வுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்.

ஹீலா, 293டின்னு ரெண்டும் லேப்ல வளக்குற மனுச செல் வகைங்க. நான் வந்த புதுசுல சீனியர் அக்கா ஒண்ணு சொன்னாங்க, "ஹீலாவுல பண்ணாதடா, அதுல டெதரின் இருக்கு, வெளிய வந்ததையும் புடிச்சு வச்சுக்கும், அப்புறம் எது அறுபடாதது எது புடிபட்டதுன்னு பிரிக்கவே முடியாது, 293டியிலயே பண்ணு." டெதரினும் நம்ம செல்லோட புரோட்டீன்தான், நிஜ எச்ஐவி அத சமாளிக்க விபியுன்னு தனியா ஒரு புரோட்டீன் வச்சிருக்கு. அதாவது வைரஸுக்கு கதவ தொறந்து விடுறதும் வாசல்ல மறிக்கிறதும் ஒரே செல்தான், இத இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு ஆச்சரியமா இருக்கு.

அப்போ டிஎஸ்ஜி101அயே மருந்தால அடைச்சிட்டா என்னன்னு புதுசா வர்ற பசங்க எல்லாரும் கேப்பாங்க, நல்ல கேள்விதான். ஆனா அந்த ஜீன எடுத்துட்டா எலி கருவுலயே செத்துடும், செல்லுக்கு அது அவ்ளோ தேவை. அதனால புரோட்டீன மொத்தமா தொடாம, பி-டி-ஏ-பி போய் உக்கார்ற அந்த பள்ளத்த மட்டும் அடைக்கிற மாதிரி மூலக்கூறு தேடணும். செல்லோட சொந்த புரோட்டீன்களும் சிலது அதே பள்ளத்துலதான் ஒட்டும், அதான் சிக்கலே, இருந்தாலும் தேட வேண்டிய எடம் அதுதான்னு நான் நம்புறேன்.