பக்கவாதத்துக்கு அப்புறம் தொண்டை: அப்பாவோடு அலைந்த அனுபவம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஆம்புலன்ஸ், சி.டி. ஸ்கேன், ஐ.சி.யூ. எல்லாம் குறை சொல்ல முடியாதபடி நடந்தன. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் களியக்காவிளைப் பக்கத்தில் பெரிய நோய் என்றால் பாதிப் பேர் வண்டியைத் திருவனந்தபுரத்துக்குத்தான் விடுவார்கள், நாங்களும் அப்படியே. கை கால் மெல்ல அசைய ஆரம்பித்தது. பாடாய்ப் படுத்தியது தொண்டைதான்.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இப்போதைக்கு ரைல்ஸ் ட்யூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) உணவு, பிறகு வாய்வழி. எப்போது, எதில் ஆரம்பிப்பது, யார் பார்த்துச் சொல்வார்கள்? ஒரு வரி கிடையாது. வார்டில் கேட்டால், "வீட்டில போய் ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாருங்க" என்று பதில். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்குவதில் தடுமாற்றம் இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் வாயில் எதையும் விடும் முன் விழுங்கும் பரிசோதனை செய்தாக வேண்டும். இதெல்லாம் அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

வீட்டுக்கு வந்தால் சொந்தபந்தம். பார்க்க வந்த பெரியப்பா, "ஒரு மடக்கு வெள்ளம்கூடக் குடுக்காம போட்டு வச்சிருக்கியே மக்களே" என்று என்னைக் கடிந்துகொண்டு, நான் தடுக்கத் தடுக்க டம்ளரை எடுத்து அப்பாவின் வாயில் விட்டார். அப்பா இருமவே இல்லை. "பாத்தியா, நல்லாத்தான குடிக்கான்" என்று பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி அப்பாவின் குரல் கொரகொரத்தது, தொண்டையில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. மறுநாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. நிமோனியா என்று திரும்ப அட்மிஷன். தொண்டையில் உணர்ச்சி மரத்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போனாலும் இருமல் வராதாம். அதனால் இருமலை நம்பாதீர்கள். சாப்பிட்டதும் குரல் மாறுகிறதா, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா, எடை குறைகிறதா என்று பாருங்கள்.

இந்த முறை ஒரு சின்ன டாக்டர் 'ஸ்பீச் தெரபி' என்று எழுதித் தந்தார். விழுங்குவதைப் பார்ப்பவர்களும் அவர்கள்தான். ஆனால் அது ஓ.பி. கவுண்டரில் இருந்தவருக்கே தெரியவில்லை. "பேச்சு சரியாத்தானே இருக்கு? சாப்பாட்டுப் பிரச்சினைக்கு கேஸ்ட்ரோவுக்குப் போங்க" என்று சீட்டை மாற்றிப் போட்டார். வயிறு, குடல் பார்க்கும் அந்த கேஸ்ட்ரோவில் உட்கார்ந்து உட்கார்ந்து முறை வந்தபோது, இது எங்கள் கேஸ் இல்லை, காது மூக்கு தொண்டைக்குப் போங்கள் என்றார்கள். அங்கே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரிஜினல் வேண்டுமாம். அதை இன்சூரன்ஸ் மேசையில் வாங்கி வைத்துவிட்டார்கள்; நகலைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எதைக் கொடுப்பதற்கு முன்பும் இரண்டு செட் நகல் எடுத்து, அதில் ஆஸ்பத்திரி முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நாள் காரைப் பிடித்துக் கிளம்பினால் கேரளத்தில் ஹர்த்தால். எல்லையைத் தாண்ட மாட்டேன் என்று டிரைவர் வண்டியைத் திருப்பினார். மூக்கில் குழாயோடு அப்பா பின்சீட்டில்.

கடைசியில் தெரபிஸ்ட்டைப் பார்த்ததும் போன உயிர் திரும்பியது. அவர் மலையாளத்தில் கேட்க, அப்பா தமிழில் பதில் சொல்ல, ஒரு சிக்கலும் இல்லை. குரல்வளையில் விரலை வைத்து, விழுங்கும்போது அது மேலே ஏறுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அப்புறம் "ஆ" சொல்லச் சொன்னார். பிறகு மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, பச்சை நிறம் கலந்த தண்ணீரைக் கொடுத்தார்கள். அது குரல்நாணைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் சொட்டியதைத் திரையில் பார்த்தேன். அதே நிறத்தில் கெட்டியான கூழ் கொடுத்தபோது ஒழுங்காக இறங்கியது. பக்கத்தில் நின்ற பெரியப்பாவும் பார்த்தார். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது போதும்.

நம் ஊரில் நோயாளி என்றால் கஞ்சிதானே? அதுதான் மோசம். வாயில் பருக்கை இருக்கும்போதே கஞ்சித்தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும். ரசம் சோறும் அப்படியே. அரைத்து ஒரே பதமாக்கித்தான் கொடுக்க வேண்டும். தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு பொடி எழுதினார்கள். மார்த்தாண்டத்தில் கேட்டால் கடைக்காரர் புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டுகிறார். அது வேறு, இது வேறு! கடைசியில் ஆன்லைனில்தான் வாங்கினோம். அம்மா கூவைமாவு காய்ச்சிப் பார்த்தாள். மாவுச்சத்து எச்சில் பட்டால் இளகிவிடும், சாந்தன் கம் என்கிற பிசின் போட்ட பொடி இளகாது என்று தெரபிஸ்ட் தடுத்துவிட்டார்.

குழாய் இருக்கும்வரை தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைத்துத்தான் உணவு; முடிந்தும் அரை மணி நேரமாவது படுக்க விடக்கூடாது. ஒரு ராத்திரி அப்பா குழாயைப் பிடுங்கிவிட்டார். மறுபடி போட வந்த ஹோம் நர்ஸ், காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்டதும் "சரி, ஊத்துங்க" என்றார். நாங்கள் விடவில்லை. சத்தத்தை மட்டும் வைத்துக் குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் பால் ஊற்றினோம். மாத்திரையிலும் கவனம்: குடலில் கரைகிற உறை போட்ட ஆஸ்பிரின், மெதுவாகக் கரையும் பிரஷர் மாத்திரை போன்றவற்றை இடிக்கக்கூடாது. டாக்டரிடம் மாற்று கேளுங்கள். வாயால் சாப்பிடாவிட்டாலும் பல்லையும் நாக்கையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியாதான்.

தாடையை நெஞ்சோடு ஒட்டி விழுங்கும் பயிற்சி அப்பாவுக்குச் சரிப்பட்டது. எல்லாருக்கும் சரிப்படாதாம், வீடியோ பார்த்து நீங்களே ஆரம்பிக்க வேண்டாம். அவருக்கு இடது கன்னத்தில் சோறு தங்கும். ஒவ்வொரு வேளையும் விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பது அம்மாவின் வேலை, திட்டு வாங்குவதும் அவளே.

குழாயை எடுத்த அன்று ஏத்தன்பழத்தை அவித்து, நார் எடுத்து மசித்துக் கொடுத்தோம். கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னும் கேட்டார். இப்போது குழைந்த சோறு, முள் நீக்கி மசித்த மீன், எல்லாம் ஆகிறது. கட்டன் சாயா மட்டும் பொடி கலந்துதான். இது என்ன பசையா என்று காலையிலும் சாயங்காலமும் சண்டை. அடுத்த பரிசோதனையில் பொடி போடாத சாயாவுக்கும் அனுமதி கேட்க வேண்டும்.